சிமிட்டினா கண்டுக்காத

அக்காவின் படகில் ஆழமானியைப் பொருத்தியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் எதையும் சொல்லவில்லை.

படகு சின்னது. ஏழு மீட்டர் நீளம், ஒற்றைப் பாய்மரம், உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால்கள் இடித்துக்கொள்ளும் ஒரு அறை. அதன் அடியிலிருந்து கனமான இரும்புப் பலகை ஒன்று தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கீல் என்பார்கள். காற்றடிக்கும்போது படகு கவிழாமல் பிடித்துக்கொள்வது அதுதான். ஆழமில்லாத இடத்தில் முதலில் தரைதட்டுவதும் அதுதான். தண்ணீர் மட்டத்திலிருந்து கீலின் நுனிவரை ஒன்றே கால் மீட்டர். அந்த ஒன்றே காலை அக்கா எங்கள் பிறந்தநாள்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தாள்.

அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரே கவுன்ட்டர். மற்ற கடைகளில் கைவிரித்த சீட்டுகளெல்லாம் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சீட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்ப்பாள். யாரோ ஓர் எறும்பை மையில் நனைத்து ஓடவிட்டதுபோல் இருக்கும் கிறுக்கலிலிருந்து, "காலைல அரை, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப்புறம்" என்று எடுத்துவிடுவாள். அவள் படித்ததில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை என்று கடை முதலாளி எல்லோரிடமும் சொல்வார்.

படகுத்துறை உப்பங்கழியின் உள்பக்கம் இருந்தது. கழி கடலில் போய்ச் சேரும் முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு. பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் திட்டு. இரண்டு வருடத்துக்கு முன் அக்காவின் படகு அதில் லேசாக உரசி நின்றது. ஃபிளாஸ்க் மூடியில் டீ குடித்துக்கொண்டிருந்த மாமாவுக்கு முன்பல் பாதி உடைந்தது. அவர் அதைக் கட்டிக்கொள்ளவே இல்லை.

"என் பொண்டாட்டி உடைச்ச பல்லு. எத்தனை பேருக்கு இந்தக் கொடுப்பினை?" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் இளித்துக் காட்டுவார்.

அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அதன் பிறகு அவள் முகத்துவாரத்தைத் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பாயை விரித்துக்கொண்டு அதுவரை போவாள், தண்ணீரின் நிறத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், திரும்பிவிடுவாள். அந்தப் பக்கம், அரைநாள் பயணத்தில், கலங்கரை விளக்கம் இருக்கும் ஒரு தீவு. அதற்குப் போகும் வழியின் வரைபடம் அவள் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஆறு வருடமாக ஒட்டியிருந்தது. புடவை எடுக்கும்போதெல்லாம் தீவைப் பார்த்துக்கொள்வாள்.

அதனால்தான் ஆழமானி வாங்கினாள்.

நான் செல்போன் பழுதுபார்ப்பவள். கடைவீதியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில், ஒரு மேசை போடும் அகலத்தில் என் கடை. மாமா என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். கம்பி, பசை, திரை என்றால் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

பெட்டியில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, எண் காட்டும் சின்னத் திரை. மற்றது டிரான்ஸ்டியூசர். உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு வில்லை, அதிலிருந்து நீளமான ஒயர். அதுதான் கருவியின் வாயும் காதும். கீழே ஒரு சத்தத்தை அனுப்பும். அது தரையில் பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டு ஆழத்தைச் சொல்லும்.

"ஓட்டை போடணுமாடி?" என்று அக்கா கேட்டாள். படகின் அடித்தளப் பலகையைத் தூக்கிவைத்துவிட்டு நான் குனிந்திருந்தேன்.

"வேண்டாம்க்கா. உள்பக்கமே ஒட்டிடலாம். படகு ஃபைபர்தானே, அது வழியா சத்தம் போயிடும்."

"நல்லவேளை. என் வயித்துல ஓட்டை போடணும்னாக்கூட சரின்னுடுவேன். இதுல வேண்டாம்."

"கேட்டீங்களா டாக்டரம்மா," என்று மாமா மேலேயிருந்து குரல் கொடுத்தார். "வரிசையில மொதல்ல படகு, அப்புறம் அவ வயிறு. நான் எங்க நிக்கறேன்னு தயவுசெஞ்சு கேட்டுடாதீங்க."

துறையில் கிரேன் ஓட்டுபவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை அவசரம் என்றுதான் கூப்பிடுவார்கள். வாழ்நாளில் எதற்கும் அவசரப்படாதவர் என்பதால் வந்த பெயர். அவர் வந்து பலகைத்துறையில் குந்தி உட்கார்ந்து, பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பையில தண்ணி ஊத்தி வெச்சுப் பாத்தியாம்மா?"

"பாத்தாச்சுண்ணே." தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையை அடியில் வைத்து, அதன்மேல் வில்லையை அமுக்கிப் பார்த்திருந்தேன். "மூணு புள்ளி ஒண்ணு காட்டுது."

அவர் கயிற்றில் கட்டிய ஒரு பெரிய போல்ட்டைத் தண்ணீருக்குள் இறக்கினார். நனைந்த கயிற்றைக் கையால் அளந்தார். "மூணு சொச்சம். அப்ப எடம் சரி. இனி பசையில காத்து நுழையாம பாத்துக்க. தண்ணில சத்தம் போகும், ஃபைபர்ல போகும். இந்த மிஷின் சத்தம் காத்துல போகாது. ஒரு சின்ன குமிழி மாட்டிக்கிட்டாலும் காது அடைச்ச மாதிரிதான். வெச்சு, ஜாடி மூடி மாதிரி லேசா திருகிக்கிட்டே அமுக்கணும். நேரா அமுக்கிடாத."

"தெரியும்ணே. நான் தெனம் ஒட்டற ஆளு."

"அதான் சொல்றேன்," என்றார். எதை என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் ஒரு டீ குடித்துவிட்டு வருவதாகப் போனார். அவர் டீ என்றால் ஒன்றரை மணி நேரம்.

எபாக்ஸி பசை இரண்டு டப்பாவில் வரும். இரண்டையும் கலந்த பிறகு பத்து நிமிடம்தான் இளகலாக இருக்கும். கிண்ணத்தில் கலந்து, குமிழி எழாமல் மெதுவாகக் கிளறினேன். அப்போது என் போன் அடித்தது. கடையில் போனைக் கொடுத்திருந்த ஒரு வாடிக்கையாளர்.

"மேடம், என் பொண்ணு கல்யாண போட்டோ எல்லாம் போயிடுமா?"

"போகாதுங்க."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூடப் போகாதுங்க. தைரியமா இருங்க."

அவருக்குத் தைரியம் வர ஆறு நிமிடம் ஆயிற்று. என் இடது கையில் கிண்ணம், பசை இறுகும் சூட்டில், சுடத் தொடங்கியிருந்தது. ஊற்றியபோது பசை பாகுபோல் இழுத்துக்கொண்டு விழுந்தது. வில்லையை எடுத்தேன், வைத்தேன், அமுக்கினேன்.

நேராக.

போன் திரை ஒட்டும்போது திருகக் கூடாது. ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பசை ஓரத்தில் பிதுங்கி, கண்ணாடி வீணாகிவிடும். பதினோரு வருடமாக என் கட்டைவிரல்கள் நேராக மட்டுமே அமுக்கியிருக்கின்றன. அவசரம் சொன்னது காதில் இருந்தது. கை கேட்கவில்லை. வில்லைக்கு அடியிலிருந்து மிகச் சின்னதாக ஒரு சத்தம் வந்தது. மீன் வாய் திறந்து மூடியதுபோல.

அந்த நிமிடத்தில் அதைப் பெயர்த்தெடுத்துத் துடைத்துவிட்டு வேறு பசை கலந்திருக்கலாம். அக்கா படிவழியாகத் தலையை நீட்டினாள். முகமெல்லாம் வெயில்.

"முடிஞ்சுதா குட்டி?"

"முடிஞ்சுதுக்கா."

மறுநாள் பசை இறுகியதும் சுவிட்சைப் போட்டோம். 3.1. அக்கா கைதட்டினாள். மாமா அந்த எண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போது எஞ்சின் வைத்த படகு ஒன்று பக்கத்தில் போனது. எங்கள் படகு ஆடியது. திரையில் 3.1 சிமிட்டத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நொடி. பிறகு நின்றது.

"என்னடி இது, சிமிட்டுது?"

கடையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்வதைச் சொன்னேன். என் வாய்க்கு அது பழகிப்போயிருந்தது.

"புதுசுல அப்படித்தான் இருக்கும். சிமிட்டினா கண்டுக்காத."

வெள்ளிக்கிழமை மதியம் கடையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பையில் கிடந்த கையேட்டைப் புரட்டினேன். பதினோராம் பக்கத்தில் இருந்தது. எண் சிமிட்டினால் கருவிக்குத் தரையின் எதிரொலி கிடைக்கவில்லை. திரையில் தெரிவது இப்போதைய ஆழம் அல்ல. கடைசியாகக் கிடைத்த ஆழம்.

டப்பாவை மூடினேன். அக்காவுக்குப் போன் செய்தேன்.

"குட்டி! நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஞாயித்துக்கிழம போறோம்டி, தீவுக்கு. கடையில லீவு சொல்லிட்டேன். உங்க மாமா பல்லுக்கு ஹெல்மெட் வேணும்னு உயிர எடுக்கறாரு." பின்னால் மாமா ஏதோ சொல்ல, அவள் சிரிப்பது கேட்டது. "நீ மட்டும் இல்லேன்னா இன்னும் பத்து வருஷம் அலமாரியையே பாத்துட்டு இருந்திருப்பேன். சரி, நீ எதுக்குக் கூப்பிட்ட?"

"சும்மாதான்க்கா."

"சும்மாவா?"

"ஜாக்கிரதையா போயிட்டு வாங்க."

அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டவை நிறைய. நீர் ஏறியிருக்கும் நேரத்தில்தான் போவார்கள். ஒரு தடவைதானே சிமிட்டியது. திரும்பி வந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பிரித்து ஒட்டிவிடலாம். என் கைப்பட்ட வேலை ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை என்பதையும் சொல்லிக்கொண்டேன். அதுதான் உண்மையான காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவசரம் போன் செய்தார்.

"பயப்படாத. ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகல. திட்டுல ஏறிடுச்சு. தண்ணி வத்திக்கிட்டிருக்கு. படகு சாஞ்சு கெடக்கு. மறுபடி ஏறினதும் இழுத்துட்டு வரேன்."

அவர் சாயங்காலம் இழுத்து வந்தபோது சுக்கான் இல்லை. ஒரு பக்கம் முழுக்க மணல் சிராய்த்திருந்தது. மாமா இறங்கி வந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நக்கலும் சொல்லவில்லை.

அக்கா கயிற்றைக் கட்டினாள். முடிச்சை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள்.

"மூணு புள்ளி ரெண்டுன்னு பாத்தேன்டி. சத்தியமா அப்படித்தான் பாத்தேன். ஒண்ணு புள்ளி ரெண்டா இருந்திருக்கும். ஒண்ண மூணுன்னு படிச்சிருக்கேன்."

"சிமிட்டிச்சாக்கா?"

"சிமிட்டிச்சு. நீதான் சொன்னியே, கண்டுக்கல." அவள் நிமிர்ந்தாள். "ஏன், அதுக்கென்ன?"

வாயைத் திறந்தேன். அவள் கன்னத்தில் உப்பு காய்ந்து வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது.

"ஒண்ணுமில்லக்கா," என்றேன்.

அந்த வாரமே அவள் கண் டாக்டரிடம் போனாள். கண்ணில் எந்தக் குறையும் இல்லை, அதே கண்ணாடி போதும் என்றாராம். அவளுக்கு அது இன்னும் மோசமாகப் போயிற்று. கண்ணில் இல்லையென்றால் தலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

ஐந்து வாரம் கழித்து மாமா என் கடைக்கு வந்தார். ஒரு கோளாறும் இல்லாத போனை மேசையில் வைத்தார்.

"இதுக்கு என்ன மாமா?"

"ஒண்ணும் இல்ல. சும்மா வெச்சிருங்க." ஸ்டூலில் உட்கார்ந்தார். "உங்க அக்கா கவுன்ட்டர விட்டுட்டா. ஒவ்வொரு சீட்டையும் பக்கத்துல இருக்கற பொண்ணுகிட்டக் காட்டி, 'இது அஞ்சுதானே, இது அஞ்சுதானே'ன்னு கேட்டிருக்கா. அப்புறம் அவளே போய் மொதலாளிகிட்ட, என்ன ஸ்டோர் ரூம்ல போடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டா. அட்டைப்பெட்டி எண்ணிக்கிட்டிருக்கா. அதையும் ரெண்டு தடவ எண்றா." உடைந்த பல்லை நாக்கால் தடவினார். "நான்தான் ரெண்டு வருஷமா கிண்டல் பண்ணியே அவள இப்படி ஆக்கிட்டேனோன்னு இருக்கு."

அவர் மேல் தப்பில்லை என்று சொன்னேன். யார் மேல் என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் படகை விற்கப் பேசி முடித்துவிட்டாள். வாங்குபவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு படகைக் காட்ட வந்தார். அக்கா என்னையும் வரச்சொல்லியிருந்தாள், ஒயர் பற்றி ஏதாவது கேட்டால் சொல்வதற்கு. சுக்கான் புதிது. சிராய்ப்புக்கு மேல் பெயின்ட். அக்கா பாயை மடிக்கும் விதம், கயிறுகள் வைக்கும் இடம் எல்லாம் காட்டினாள், யாரோ ஒருவருடைய வீட்டைச் சுற்றிக்காட்டுவதுபோல.

"தரைதட்டிச்சுன்னு கேள்விப்பட்டேனே. இந்த மீட்டர்ல ஏதாவது கோளாறா?" என்று டிரைவிங் ஸ்கூல்காரர் கேட்டார்.

"மீட்டர்ல ஒரு குறையும் இல்ல," என்றாள் அக்கா. "என் தங்கச்சி பொருத்தினது. அவ கைப்பட்டா தப்பே வராது. நான்தான் நம்பரத் தப்பாப் படிச்சுட்டேன்."

சின்னப் பெண் அதற்குள் சுவிட்சைப் போட்டிருந்தாள். பெரியவள் படகின் விளிம்பில் ஏறிக் குதித்தாள். படகு ஆடியது.

"அப்பா, நம்பர் சிமிட்டுது பாருங்க!"

"புதுசுல அப்படித்தானாம்," என்று அக்கா குழந்தையிடம் குனிந்து சொன்னாள். "சிமிட்டினா கண்டுக்கக் கூடா..."

"இல்ல," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"சிமிட்டினா அந்த நம்பர் பழசு. அதுக்குத் தரை தெரியலேன்னு அர்த்தம். நான் ஒட்டினப்போ அடியில காத்து மாட்டிக்கிச்சு." குரல் எனக்கே யாருடையதோபோல் இருந்தது. "அக்கா தப்பாப் படிக்கல."

டிரைவிங் ஸ்கூல்காரர் மனைவியைப் பார்த்தார். "நாங்க கொஞ்சம் அப்படி நடந்துட்டு வரோமே," என்று குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழம."

"எந்த வெள்ளிக்கிழம?"

"நீங்க போறதுக்கு முன்னாடி."

"நீ போன் பண்ணியே."

"ஆமாக்கா."

"அப்ப நான் பாத்தது மூணு புள்ளி ரெண்டுதான்."

"மூணு புள்ளி ரெண்டுதான்க்கா."

அவள் முகம் ஒரு கணம் தெளிந்தது. அப்படி ஒரு முகத்தை நாற்பது நாளாக நான் பார்க்கவில்லை. அந்த ஒரு கணத்துக்காக எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட நினைத்தேன். பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

"நேத்து வீட்டு வாசல்ல நின்னு, கதவுல இருக்கற நம்பர விரலால தடவிப் பாத்துட்டு உள்ள போனேன்டி. என் வீட்டு நம்பர." அவள் குரல் உயரவில்லை. "நாப்பது நாள். நீ வாரா வாரம் வந்து சாப்பிட்டுட்டுப் போன."

"விக்க வேண்டாம்க்கா. அவர்கிட்ட நான் பேசறேன். இத வெட்டியெடுத்துட்டு, புதுசு வாங்கி நானே..."

"நம்பர நீ சரி பண்ணிடுவ. அது எனக்குத் தெரியும்." ஆழமானியை அணைத்தாள். "அதப் பாக்கறப்பல்லாம் நீ போன்ல 'ஜாக்கிரதையா போயிட்டு வாங்க'ன்னு சொன்னது காதுல கேக்குமே. அத என்னடி பண்ணுவ?"

அவர்கள் திரும்பி வந்ததும், மீட்டரை மாற்றித் தருவதாகச் சொல்லி, படகை அவர்களுக்கே கொடுத்தாள்.

வில்லையை உளியால் பெயர்த்தெடுக்க ஒரு முழுநாள் ஆயிற்று. அடியில் குமிழி அப்படியே இருந்தது, ஒரு நாணய அகலத்தில், பளபளவென்று. புதியதை வைக்கும்போது போனை அணைத்துவிட்டேன். ஜாடி மூடிபோல் திருகித் திருகி அமுக்கினேன். ஓரமெல்லாம் பசை பிதுங்கிக் கை வீணாயிற்று. மறுநாள் 3.1 வந்தது. குழந்தைகள் குதித்துப் பார்த்தார்கள். எண் சிமிட்டவில்லை. அக்கா கயிற்றுப் போல்ட்டை இறக்கித் தானே அளந்தாள். பிறகு சின்னவளைக் கூப்பிட்டு, "சிமிட்டினா ஒடனே படக நிறுத்தணும். யார் என்ன சொன்னாலும் சரி," என்று சொல்லிக்கொடுத்தாள்.

அக்கா கவுன்ட்டருக்குத் திரும்பிவிட்டாள். மாமா சொன்னார். இப்போது அவள் யாரிடமும் சீட்டைக் காட்டிக் கேட்பதில்லையாம். எனக்கு அவள் போன் செய்வதில்லை. நான் செய்தால் எடுக்கிறாள். நன்றாக இருக்கிறேன் என்கிறாள். நான் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறாள்.

புது வில்லை ஒட்டியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பம் தீவுக்குக் கிளம்பியது. அக்கா துறைக்கு வந்திருந்தாள். நான் வருவேன் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அந்தப் பக்கம் அவசரம், இந்தப் பக்கம் நான். படகு முகத்துவாரத்தை நெருங்கியபோது அவள் உதடுகள் அசைந்தன. மூணு. ரெண்டே முக்கால். ரெண்டரை. தண்ணீரின் நிறத்தை வைத்து இங்கிருந்தே படித்துக்கொண்டிருந்தாள். பாய் திட்டுக்கு மேலே ஒருமுறை சாய்ந்தது, நிமிர்ந்தது, அந்தப் பக்கத்துப் பச்சைக்குள் இறங்கியது.

"தாண்டிட்டாங்க," என்றாள்.

என்னிடம் சொன்னாளா, அவரிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. நான் வாயெடுப்பதற்குள், வாழ்நாளில் முதல்முறையாக, அவசரம் முந்திக்கொண்டார்.

"தாண்டிட்டாங்கம்மா," என்றார்.